ஒரு மோப்பப் பெட்டிக்குள் எத்தனை சர்க்கார், தெரியுமா?

1972 மார்ச். நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்பியது ஒரு டி.டபிள்யூ.ஏ. விமானம். கொஞ்ச நேரத்தில் ஒரு மொட்டை போன்: உள்ளே குண்டு இருக்கிறது! விமானம் அலறியடித்துத் திரும்பி வந்தது. பயணிகளை இறக்கினார்கள். பிராண்டி என்ற மோப்ப நாயை ஏற்றினார்கள். விமானி அறையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியை அது காட்டிக்கொடுத்தது. குண்டு வெடிக்க அப்போது மிச்சமிருந்த நேரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 12 நிமிடம்!

அதே வாரத்தில், அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம் லாஸ் வேகஸில் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தபோது வெடித்தது. அங்கே பிராண்டி இல்லை. அதிபர் நிக்சன் உத்தரவிட, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. நாடு முழுக்க வெடிகுண்டு நாய்ப் படையை அமைத்தது. அமெரிக்க அரசு குண்டு தேடுவதைத் தனித் திட்டமாக எடுத்துக்கொண்டது இப்படி ஒரு நாயின் புண்ணியத்தில்தான்.

அந்த நாயையே போதைப்பொருள் தேடவும் பழக்கினால் ஒரு சம்பளத்தில் இரண்டு வேலை ஆகுமே என்று தோன்றும். செய்யவே மாட்டார்கள்! ஏன் தெரியுமா? நாய் சூட்கேஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கஞ்சா என்றால் கூட வந்த காவலர் பெட்டியைத் திறக்க வேண்டும். குண்டு என்றால் ஓட வேண்டும். எது என்று நாயிடம் கேட்க முடியுமா? அதனால் குண்டு நாய் வேறு, போதை நாய் வேறு. பழைய போதை நாய்கள் பெட்டியைப் பிராண்டிக் காட்டும். குண்டு நாய் அப்படிப் பிராண்டினால் கதை கந்தல். அது அடக்கமாக உட்கார மட்டும்தான் கற்றுக்கொள்ளும்.

சரி, கோகெய்னைக் கண்டுபிடிக்கும் நாய் உண்மையில் எதை மோந்து பார்க்கிறது? கோகெய்னை அல்ல! கோகெய்ன் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து சிதையும்போது மீதைல் பென்சோயேட் என்ற பொருள் ஆவியாக வெளியே வருகிறது. நாய்க்கு அதுதான் தடயம். ஊட்டி மலர்க் கண்காட்சியில் வரிசையாக நிற்குமே ஸ்னாப்டிராகன் பூ, அதன் மணத்திலும் இதே மீதைல் பென்சோயேட்தான் முக்கியச் சரக்கு. வண்டை அழைக்கப் பூ வைத்திருக்கும் வாசனை, கடத்தல்காரனைப் பிடித்துக் கொடுக்கிறது! ஹெராயினில் நாய் பிடிப்பது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் நெடி. சி-4 என்ற பிளாஸ்டிக் வெடிமருந்தில் வெடிக்கிற சரக்கான ஆர்.டி.எக்ஸ். ஆவியாவது, இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. கூட ஒட்டிக்கொண்டிருக்கும் கரைப்பான்தான் மணக்கிறது.

நாயும் கருவியும் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அவற்றை வைத்திருக்கும் துறைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் என்ன ஆகும்? 1985 ஜூன் 22, கனடாவின் டொரண்டோ விமான நிலையம். ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானத்துக்கான பெட்டிகள் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. நடுவில் இயந்திரம் படுத்துவிட்டது. மிச்சப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் பி.டி-4 என்ற மோப்பக் கருவியால் சோதிக்கச் சொன்னார்கள். கருவி எப்படிக் கத்தும் என்று ஊழியர்களுக்குக் காட்ட, ஒரு அதிகாரி தீக்குச்சியைக் கிழித்து அதன் அருகே நீட்டினார். அவ்வளவுதான் பயிற்சி! பிறகு ஒரு பெட்டியின் பக்கத்தில் கருவி லேசாகக் கத்தியது. தீக்குச்சிக்குக் கத்தியதுபோல் உரக்கக் கத்தவில்லையே என்று பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்ததைக் கேளுங்கள். அதே ஆண்டு ஜனவரியில் அதே விமான நிலையத்தில் போலீசார் அந்தக் கருவியைச் சோதித்திருந்தார்கள். வெடிமருந்து டப்பாவை ஓர் அங்குலத்துக்கும் நெருக்கமாகக் கொண்டுபோன பிறகுதான் கத்தியது. சி-4 எதிரே வாயே திறக்கவில்லை. நம்ப முடியாத கருவி என்பது போலீசுக்கு ஐந்து மாதம் முன்பே தெரியும். அப்படியென்றால் நாய்களைக் கூப்பிட்டிருக்கலாமே? போலீஸ் மோப்ப நாய்கள் எல்லாம் அன்றைக்கு வான்கூவரில் பயிற்சிக்குப் போயிருந்தன! மறுநாள் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானம் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். முன்னாள் நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையம் இத்தனையையும் அடுக்கி அறிக்கை தந்தது 2010-ல். படிக்கும்போது வயிறு எரியும்.

சென்னை விமான நிலையத்தில் உங்கள் லேப்டாப் பையை ஒரு சின்னத் துணிப் பட்டையால் தடவி, அதை ஒரு பெட்டிக்குள் சொருகி, சில நொடியில் 'போகலாம்' என்று தலையாட்டுகிறார்களே, அதற்குள் என்ன நடக்கிறது என்று யோசித்ததுண்டா? பட்டையில் ஒட்டிய தூசியை முதலில் சுடவைத்து ஆவியாக்குகிறது பெட்டி. ஆவிக்கு மின்னூட்டம் தருவதற்காகப் பல கருவிகளில் நிக்கல்-63 என்ற கதிரியக்கத் துணுக்கு ஒன்று இருக்கும். மின்னூட்டம் பெற்ற துகள்களை ஒரு குழாய்க்குள் ஓட விடுகிறார்கள். பள்ளி விளையாட்டு விழா ஓட்டப் பந்தயம் மாதிரிதான்: ஒல்லியானவன் முதலில் வருவான், குண்டானவன் பின்னால் வருவான். ஒவ்வொரு பொருளும் மறுமுனைக்கு வந்து சேர எடுக்கும் நேரம், ஆயிரத்தில் சில பங்கு நொடிதான் என்றாலும், அந்தப் பொருளுக்கே உரியது. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் ஒட்டியிருந்தாலே கண்டுபிடித்துவிடும்!

இதில் இன்னொரு வேடிக்கை. வெடிமருந்துகள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் ஏற்கும். போதைப்பொருட்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் ஏற்கும். குழாயின் மின்புலத்தைத் திருப்பிப் போட்டால் குண்டு தேடும் பெட்டி போதை தேடும் பெட்டியாகிவிடும். நாய்க்கு முடியாததை இயந்திரம் ஒரு சுவிட்சில் செய்கிறது! ஆனால் அந்தப் பெட்டியை வளர்க்கப் பணம் கொடுத்த அமெரிக்க அரசில் குண்டு ஒரு துறையிடமும் போதை இன்னொரு துறையிடமும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கூர்மையான மூக்குக்கும் ஒரு தொல்லை உண்டு. நைட்ரோகிளிசரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளியின் கையைத் தடவினால் வெடிமருந்து என்று கத்தக்கூடும். தோட்டத்துக்கு உரம் போட்டுவிட்டுக் கை கழுவாமல் வந்தவருக்கும் அதே கதி. போதைப் பக்கம் இன்னும் மோசம். பெரிய நகரங்களில் புழங்கும் அமெரிக்க டாலர் நோட்டுகளில் 90 சதவீதம் வரை கோகெய்ன் தடயம் இருக்கிறது என்று 2009-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் யுவேகாங் சுவோ அறிவித்தார். போதையே தொடாத பாட்டியின் பர்ஸிலும் கோகெய்ன்! ஆகவே எவ்வளவு ஒட்டியிருந்தால் மணி அடிக்க வேண்டும் என்ற கோட்டை யார் கிழிப்பது என்பது விஞ்ஞானத்தைவிட நிர்வாகம் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடுகிறது.

அந்தக் கோட்டால் வந்த வம்பைப் பாருங்கள். 1988 டிசம்பர் 21. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 வெடித்தது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர், மொத்தம் 270 உயிர். அவ்வளவையும் செய்த செம்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வெடிமருந்து எவ்வளவு இருந்திருக்கும்? அரைக் கிலோகூட இல்லை! ஒரு தோஷிபா ரேடியோ கேசட் பிளேயருக்குள் அடங்கிவிட்டது.

அப்போது எஃப்.ஏ.ஏ.வின் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. சூட்கேஸின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சும் இயந்திரம்! வெடிமருந்துகளில் நைட்ரஜன் நிறைய. நியூட்ரானை விழுங்கிய நைட்ரஜன் அணு ஒரு தனி அடையாளமுள்ள காமா கதிரை உமிழும். அதைப் பிடித்தால் குண்டைப் பிடித்த மாதிரி. 1989-ல் கென்னடி விமான நிலையத்தில் ஒன்றை நிறுவினார்கள். 10 டன்னை ஒட்டிய எடை, 10 லட்சம் டாலரை ஒட்டிய விலை. விமான நிறுவனங்கள் எல்லாம் வாங்கியாக வேண்டும் என்று விதியும் போட்டார்கள்.

அங்கேதான் இடித்தது. கம்பளிக் கோட்டிலும் தோல் செருப்பிலும்கூட நைட்ரஜன் உண்டே! லாக்கர்பி குண்டின் அளவுக்குச் சின்னதைத் தேடு என்று இயந்திரத்தை முடுக்கினால் அது எல்லாப் பெட்டிக்கும் கூச்சல் போட்டது. ஒரு லட்சம் பெட்டியில் 5 சதவீதத்துக்குப் பொய்க் கூச்சல் போட்டாலே 5,000 பெட்டிகளைக் கையால் பிரிக்க வேண்டும். விமானம் எப்போது கிளம்புவது? அதிபர் அமைத்த ஆணையம் 1990-ல் இந்தக் கொள்முதலை நிறுத்தி வைக்கச் சொன்னது. அந்த ஆண்டே வந்த விமானப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், எஃப்.ஏ.ஏ. சோதித்துச் சான்றளித்த இயந்திரத்தைத்தான் கட்டாயமாக்கலாம் என்று வழி திருப்பியது. நல்ல வேளை! 2001 டிசம்பரில் பாரிஸ்-மியாமி விமானத்தில் ஷூவுக்குள் குண்டு வைத்துக்கொண்டு ஏறினானே ரிச்சர்ட் ரீட், அதில் இருந்த டி.ஏ.டி.பி. என்ற வெடிமருந்தில் நைட்ரஜன் ஒரு துளிகூடக் கிடையாது.

சான்றிதழ் வாங்கிய முதல் இயந்திரம் எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரியிலிருந்து! தலையில் அடிபட்டால் எடுக்கிறார்களே சி.டி. ஸ்கேன், அதையே சூட்கேஸுக்கு எடுப்பது. 1994 டிசம்பரில் இன்விஷன் நிறுவனத்தின் சி.டி.எக்ஸ் 5000 தேறியது. சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர். பீட்டில்ஸ் காசில்தான் ஸ்கேன் பிறந்தது என்று சிலர் அடித்துவிடுவார்கள். அது கொஞ்சம் ஓவர்.

இயந்திரம் வாங்கப் பணம் வந்த கதை தனி. 1996 ஜூலை 17. டி.டபிள்யூ.ஏ. 800 நியூயார்க் கடலோரம் வெடித்து 230 பேர் பலி. கடலிலிருந்து எடுத்த பாகங்களில் வெடிமருந்துத் தடயம்! குண்டேதான் என்று நாடு முழுக்கப் பேச்சு. அப்புறம் என்ன வெளியே வந்தது தெரியுமா? ஐந்து வாரம் முன்பு, செயின்ட் லூயிஸில் அதே விமானத்துக்குள் வெடிமருந்துப் பொட்டலங்களை ஒளித்து வைத்து ஒரு மோப்ப நாய்க்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்! தடயம் அதிலிருந்துதான் வந்ததா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் வெடித்தது நடு எரிபொருள் தொட்டி, குண்டு அல்ல என்று 2000-ல் முடிவானது. அதற்குள் பணம் கொட்டிவிட்டது. வராத குண்டுக்கு அஞ்சி நாடாளுமன்றம் கருவி வாங்க 14 கோடியே 42 லட்சம் டாலர் ஒதுக்கியது. வாங்கிய இயந்திரங்கள் என்னவோ உண்மையானவைதான்.

இப்போது போதைப் பக்கம் வாருங்கள். இங்கேதான் கூத்து. குண்டுக்கு எஃப்.ஏ.ஏ. என்ற ஒரே வீட்டுக்காரர் இருந்தார். போதைக்கு? கண்டுபிடிக்க வேண்டியது சுங்கத் துறை. ஆராய்ச்சிக்குப் பணம் வைத்திருந்தது ராணுவத் துறை. ஒருங்கிணைக்க வேண்டியது வெள்ளை மாளிகையின் போதைக் கொள்கை அலுவலகம். மூன்று பேர், மூன்று சாவி! ராணுவம் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா துறைமுகத்தில் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் ராட்சத எக்ஸ்ரே நிலையம் ஒன்றைக் கட்டியது. சரக்கு நிரம்பிய கண்டெய்னரை அப்படியே ஊடுருவிப் பார்க்கும் சக்தி. கட்டி முடித்துச் சுங்கத் துறையிடம் காட்டினால் அவர்கள் சொன்னது: வேண்டாம்! விலை கட்டாது, துறைமுகத்தில் அவ்வளவு இடம் இல்லை, கதிர்வீச்சு பற்றியும் பயம். கடைசியில் பிரித்துப் போட்டார்கள்.

வேண்டியது என்ன என்று சுங்கத் துறைக்குத் தெரிந்தே இருந்தது. 1994-ல் மெக்சிகோ எல்லையில், கலிஃபோர்னியாவின் ஓட்டே மேசாவில் லாரிக்கான குறைந்த சக்தி எக்ஸ்ரே வந்தது. இது ஊடுருவியதை மட்டும் பார்க்காது, பட்டுத் திரும்பி வருவதையும் பார்க்கும். இரும்பு எக்ஸ்ரேயை விழுங்கிவிடும். கோகெய்ன், கஞ்சா போன்ற கரிமப் பொருள்கள் திருப்பி அனுப்பும். லாரியின் கறுப்புப் படத்தில் ரகசிய அறைப் பொட்டலங்கள் வெள்ளை வெளேரென்று நிற்கும். இன்னொரு கருவியான வாசிஸ் காமா கதிரில் வேலை செய்வது. அதை எதற்காக உருவாக்கினார்கள் தெரியுமா? காலி டேங்கர் லாரிக்கு! காலி என்று சொல்லி எல்லை தாண்டும் டேங்கர் உண்மையிலேயே காலியா என்று பார்க்கத்தான். பிறகு கண்டெய்னர், ரயில் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் போய்விட்டது.

ரயில் பெட்டி என்றதும் ஒரு கிளைக்கதை. 1987-ல் ரீகனும் கோர்பசேவும் போட்ட ஏவுகணை ஒப்பந்தத்தின்படி, சோவியத் நாட்டின் வோட்கின்ஸ்க் தொழிற்சாலை வாசலில் அமெரிக்கா ஒரு பெரிய எக்ஸ்ரே வைத்தது. வெளியே வரும் ரயில் பெட்டிக்குள் இருப்பது அனுமதித்த எஸ்.எஸ்-25 ஏவுகணையா, தடை செய்த எஸ்.எஸ்-20-ஆ என்று பார்க்க. இரண்டிலும் ஒரு பகுதி பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று! 1990 மார்ச்சில் தகராறு முற்றி, சில ஏவுகணைகளைப் படம் எடுக்க விடாமலே சோவியத் தரப்பு அனுப்பிவிட்டது. கண்டெய்னருக்குள் கோகெய்ன் தேடுவதும் ரயிலுக்குள் ஏவுகணை தேடுவதும் ஒரே தத்துவம்தான்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1997 ஏப்ரலில் இந்த இரண்டு தேடல்களையும் ஒன்றாக எடுத்து ஆராய்ந்து, எந்தக் கருவிக்கு யார் பொறுப்பு என்றே ஒரு தனி அறிக்கை எழுதியது. குண்டுக் கருவிக்குச் சட்டப்படி தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு, சான்றிதழ் உண்டு. போதைக் கருவிக்கு அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அரைக் கிலோ குண்டு தப்பினால் நாடே கேட்கும். அரைக் கிலோ கோகெய்ன் தப்பினால் யார் கேட்கப்போகிறார்கள்?

தேர்வு இல்லாத இடத்தில் என்ன முளைக்கும்? அதே தொண்ணூறுகளில் 'குவாட்ரோ டிராக்கர்' என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டி சந்தைக்கு வந்தது. அதில் ஓர் ஆன்டெனா குச்சி. குண்டு, போதை, துப்பாக்கி என்று எதைக் கேட்டாலும் குச்சி திரும்பிக் காட்டுமாம்! பள்ளிக்கூடங்களும் போலீசும் 8,000 டாலர் வரை கொடுத்து வாங்கின. சாண்டியா தேசிய ஆய்வகமும் எஃப்.பி.ஐ.யும் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேலை செய்யும் பாகமே கிடையாது. 1996-ல் நீதிமன்றம் தடை போட்டது. இத்தோடு ஒழிந்ததா? பத்து வருஷம் கழித்து, அதே ஜாதியில் இன்னொரு குச்சி, ஏ.டி.ஈ. 651 என்ற பெயரில், குண்டு வெடிக்காத நாளே இல்லாத ஈராக்கின் சோதனைச் சாவடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது! பேட்டரிகூட இல்லை. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்த சரக்கு. விற்ற பிரிட்டிஷ்காரர் ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் 10 ஆண்டு சிறை. அதை நம்பிச் சோதனைச் சாவடியைக் கடக்க விட்ட லாரிகளில் என்னென்ன போயிற்றோ!

ஒத்துழைப்பு அழகாக நடந்த கதையும் ஒன்று உண்டு. லிபியாவுக்கு 1,000 டன் செம்டெக்ஸ் விற்றிருக்கிறார்கள் என்று 1990-ல் செக்கோஸ்லோவாக்கிய அதிபர் வாக்லவ் ஹாவெல் போட்டுடைத்தார். மறுவருடம் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி ஒரு முடிவுக்கு வந்தன: இனிமேல் பிளாஸ்டிக் வெடிமருந்து செய்யும்போதே சீக்கிரம் ஆவியாகிற ஒரு பொருளைக் கலந்துவிட வேண்டும். அப்படி ஒரு பொருளான டி.எம்.என்.பி. வெடிப்பதற்கு உதவாது. நாயும் கருவியும் மோந்து கண்டுபிடிக்கட்டும் என்பதற்காகவே சேர்ப்பது! 1998-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் குண்டு வீட்டையும் போதை வீட்டையும் ஒன்றாக்கியது 2001 செப்டம்பர் 11 தாக்குதல். 2002 முடிவதற்குள் 400-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் ஏற்றும் ஒவ்வொரு பெட்டியையும் சோதித்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. இயந்திரங்களை வைக்க இடமில்லாமல், டிக்கெட் கவுன்டர் முன்னாலேயே இறக்கி வைத்தார்கள். 2003 மார்ச்சில் 22 அமைப்புகளைச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை செயல்படத் தொடங்கியது. 1789 முதல் நிதித் துறையின் கீழ் இருந்த சுங்கத் துறை 214 வருடத்துக்குப் பிறகு வீடு மாறியது! ஆனாலும் விமானக் குண்டு நாய்கள் படிப்பது டெக்சாஸின் லாக்லண்ட் விமானப்படைத் தளத்தில். எல்லை நாய்கள் படிப்பது எல் பாஸோவிலும் ஃப்ரன்ட் ராயலிலும். துறை ஒன்று, நாய்ப் பள்ளிக்கூடம் வேறு வேறு.

நம் நாட்டிலும் புணேயின் உயர் ஆற்றல் பொருள்கள் ஆய்வகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கைகோத்து 2021-ல் 'ரெய்டர்-எக்ஸ்' என்ற கருவியைக் காட்டின. இரண்டு மீட்டர் தள்ளி நின்றே 20 வகை வெடிமருந்துகளை அடையாளம் காணும்!

கடைசியாக ஒன்று. உலகின் முதல் அணுகுண்டைச் செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2006-ல் எதைப் பழக்கிக்கொண்டிருந்தது தெரியுமா? தேனீயை! வெடிமருந்து வாசனையைக் காட்டிவிட்டு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். சில தடவைக்குள் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த வாசனை வந்தாலே சர்க்கரைக்காக உறிஞ்சுகுழலை நீட்டும். அதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். டைனமைட், சி-4, நைட்ரஜனே இல்லாத டி.ஏ.டி.பி. என்று எல்லாவற்றுக்கும் நீட்டியது. ஆனால் கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீயின் ஆயுளே ஆறு வாரம்தான். இத்தனை துறையும் தேர்வு வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் எத்தனை தலைமுறைத் தேனீ போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!